ஓடிபி வேறு, ஓடிபி சாவி வேறு

போன் கையில் இல்லாத அவசரத்தில், ஏதோ ஒரு இணையதளத்தில் ஆத்தென்டிகேட்டரின் (உள்நுழைய ஓடிபி எண் காட்டும் போன் செயலி) ரகசியச் சாவியை ஒட்டி ஓடிபி எடுக்கிறார்கள். பிறகு கணக்கு பறிபோய்விட்டதென்று வருகிறார்கள். கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "அதுதான் 30 விநாடியில் காலாவதி ஆகிவிடுமே?"

காலாவதி ஆவது ஆறு இலக்க எண். நீங்கள் கொடுத்தது அதை அல்ல. வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் எண்ணை அந்தந்த முறை வங்கியே உண்டாக்கி அனுப்புகிறது. ஆத்தென்டிகேட்டர் அப்படியல்ல. அதை இணைக்கும்போது வரும் கியூஆரின் கீழ், 'ஸ்கேன் செய்ய முடியவில்லையா' என்பதை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் 16 அல்லது 32 எழுத்து வரும். அதுதான் சாவி. அதனுடன் கடிகார நேரம் சேர்ந்தால் எண் பிறந்துவிடும். இணைய இணைப்புகூட வேண்டாம். சாவிக்குக் காலாவதி கிடையாது. இன்று அதைப் பார்த்தவர் அடுத்த ஆண்டும் உங்கள் எண்ணை எடுப்பார். பாஸ்வேர்டை மாற்றினாலும் சாவி மாறாது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதவர்கள், அந்தக் கியூஆரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதற்குள் இருப்பதும் இதே சாவிதான்; அனுப்புவது சாவியைத்தான்!

"எல்லாம் பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது" என்று இந்தத் தளங்கள் எழுதியிருக்கும். இன்று அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நிரல் சர்வரிலிருந்துதான் வருகிறது. நாளைக்கு அதில் சாவியைத் திருடும் ஒரு வரி கூடினால் உங்களுக்குத் தெரியாது. அதே பக்கத்தில் நேரடியாக ஏற்றப்படும் விளம்பர ஸ்கிரிப்டும் (சிறு நிரல்) நீங்கள் சாவியை ஒட்டும் பெட்டியைப் படிக்கும். எல்லாத் தளங்களையும் படிக்க அனுமதி வாங்கிய பிரவுசர் எக்ஸ்டென்ஷனும் படிக்கும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் சாவி வந்தால், சர்வரின் பதிவேட்டிலும் (லாக்) பிரவுசர் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும்.

இப்படித் தளம் கட்டுபவர்களுக்கு ஒன்று: சாவியை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசருக்குள் தளம் தரவு சேமிக்கும் இடம்) அப்படியே போடாதீர்கள். பிரவுசரிலேயே உள்ள குறியாக்க வசதியான வெப் கிரிப்டோவில் வெளியே எடுக்க முடியாத சாவியாக வைத்தால், புகுந்த ஸ்கிரிப்ட்டால் அதைத் தூக்கிப்போக முடியாது. ஆனாலும் வரப்போகும் நேரங்களைக் கொடுத்து, எண்களை முன்கூட்டியே கணக்கிட்டு அள்ளிவிடலாம். அதனால் இது அரைப் பாதுகாப்புதான்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? இன்றே இரட்டைச் சரிபார்ப்பை அணைத்து, மறுபடி இயக்கிப் புதுச் சாவி வாங்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, பேக்கப் கோடுகளையும் (போன் இல்லாதபோது உள்நுழைய, தளம் முன்கூட்டியே தரும் குறியீடுகள்) புதிதாக எடுங்கள்.

கணினியில்தான் வேண்டுமென்றால் கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு காக்கும் மென்பொருள் இணையமின்றியே எண் தரும். பாஸ்வேர்டும் சாவியும் ஒரே கோப்பில் இருந்தால் மட்டும், அந்தக் கோப்பு போனால் இரண்டும் போகும். தனித்தனிக் கோப்பாக வையுங்கள். எண் ஏற்கவில்லையா? முதலில் போன் கடிகாரத்தைத் தானியங்கி நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். போன் இல்லாத அவசரத்துக்கென்றே பேக்கப் கோடு இருக்கிறது. தயவுசெய்து அதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.