மலைச்சரிவில் போன் காட்டும் புள்ளியை எவ்வளவு நம்பலாம்?

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் நில அளவை செய்கிறவன் நான். கருவியைப் பொருத்தும்போதே யாராவது வந்து, "சேர், போன்ல காட்டுற இடம் சரியா?" என்று கேட்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் என் பதில்.

சமவெளியில் 10 மீட்டர் பிசகினால் பெரிதாக ஒன்றுமில்லை. நம் மலையில் அப்படியல்ல. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் இடையே வரைபடத்தில் அவ்வளவு தூரம்தான் இருக்கும். புள்ளி சற்றுத் தள்ளி விழுந்தால் அம்புலன்ஸ் கீழ் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) போய் நிற்கும். நோயாளி மேல் லயத்தில் கிடப்பார்.

இடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செய்மதிகள் வேண்டும். இரு பக்கமும் மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் ஜிபிஎஸ் மட்டும் இருந்த காலத்தில் அதுவே சிரமம். இப்போது ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, 2020இல் முழுமையடைந்த சீனாவின் பெய்டூ ஆகிய செய்மதித் தொகுதிகள் எல்லாம் சேர்ந்துவிட்டதால், தெரிகிற துண்டு வானத்திலும் போதிய செய்மதிகள் கிடைக்கின்றன. இந்தியாவின் நாவிக் செய்மதிகளின் எல்லைக்குள்ளும் நம் தீவு வருகிறது. 2018இலிருந்து சில போன்களில் எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையும் உண்டு. பாறையில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை நேராக வருவதிலிருந்து பிரித்தறிய அது உதவுகிறது. மலைநாட்டுக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் இல்லை என்பேன்.

ஆனால் மேப்பைத் திறந்ததும் தெரியும் முதல் புள்ளியை அனுப்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் டவரை வைத்துப் போட்ட கணக்கு. டவரோ எதிர்மலையில் இருக்கும்! தகரக் கூரைக்கு வெளியே வந்து, வானம் தெரிகிற இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். புள்ளியைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டம் சுருங்கும். அப்புறம் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் (அகலாங்கு, நெட்டாங்கு) வரும். தசமப் புள்ளிக்குப் பின் குறைந்தது 5 இலக்கங்களை அப்படியே எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். 4 இலக்கத்தோடு நிறுத்தினால் சுமார் 11 மீட்டர் வரை விலகலாம். டேட்டா தீர்ந்திருந்தாலும் செய்மதி சிக்னல் வரும், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கும்போது தோட்டம், டிவிஷன், லய இலக்கம் மூன்றையும் வாயாலும் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கிவிடுங்கள்.

காணி எல்லைக்கு மட்டும் போனைத் தொடவே வேண்டாம். வீட்டுக்கான 7 பேர்ச் காணி என்பது சுமார் 177 சதுர மீட்டர், சதுரமாகப் பார்த்தால் பக்கத்துக்கு 13 மீட்டர் சொச்சம். திறந்த வெளியிலேயே போன் நாலைந்து மீட்டர் தவறலாம். அதை நம்பி வேலி போட்டால் பக்கத்து வீட்டாரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பக்கம் வந்துவிடும். இப்படித் தொடங்கிய வேலித் தகராறுகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். எங்கள் கருவி சென்ரிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக இருப்பது, இடம் தெரிந்த இன்னொரு கருவியோடு ஒப்பிட்டு ஒவ்வொரு கணமும் பிழையைத் திருத்துவதால். காணி உறுதிப்பத்திரம் தரும்போது நில அளவை பிளானும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிட்டு, இரு வீட்டாரும் நிற்கையில் எல்லைக்கல் போட்டுக்கொள்ளுங்கள்.