பனி விட்ட மறுநாள்

"பனி விட்டுது டாக்டரே, சீணத்துக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துனா போதும்."

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து மனைவியைக் கூட்டி வந்தவர் சொன்னார். எங்கள் பக்கம் காய்ச்சலைப் பனி என்றும் அசதியைச் சீணம் என்றும் சொல்வோம். இருவரும் ரப்பர் பால் வெட்டுபவர்கள். டெங்குக் காய்ச்சல் தொடங்கி அன்று ஐந்தாம் நாள். முந்தின நாள் உடம்புவலிக்கு எங்கோ ஓர் ஊசியும் போட்டிருந்தார்கள். என்ன ஊசி என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாவின் கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி, வயிற்றுவலி, விடிந்த பிறகு ஒண்ணுக்குப் போகவே இல்லை. ரத்த அழுத்தம் 90/74.

"கவுண்ட் எவ்வளவு டாக்டரே?" ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டின் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார். 58,000. எனக்கோ அந்த எண் பெரிதாகப் படவில்லை. பக்கத்திலிருந்த ஹிமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், 49; இரண்டு நாள் முந்தைய சீட்டில் அது 38.

டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சூடு அல்ல, கசிவு. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது, மிஞ்சிய ரத்தம் கெட்டிப்படுகிறது. ஹிமாட்டோகிரிட் ஏறுவது அதனால்தான். அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20-க்குள் சுருங்கினால் உடம்பு ரத்த ஓட்டம் போதாத அதிர்ச்சி (ஷாக்) நிலைக்குப் போய்விட்டது என்று பொருள். இவருக்கு 16. ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார், அதுதான் ஏமாற்றும். சலைன் ஏற்றியபடியே 108-இல் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

சலைனைச் சத்துத் தண்ணீர் என்று நினைக்கிறார்கள். கசிவு நீடிப்பது ஒன்று, இரண்டு நாள்தான். அதற்குப் பிறகு கசிந்த நீர் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோர்க்கும். எப்போது நிறுத்துவது என்பதும் வைத்தியம்தான்.

பிளேட்லெட் பைக்காக அலைகிறவர்களுக்கு ஒன்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கவுண்ட் 20,000-க்குக் கீழே போன 372 பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு தடுக்கப்படவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. பப்பாளி இலைச்சாற்றைப் பற்றியும் கேட்பீர்கள். கவுண்டை அது கொஞ்சம் ஏற்றலாம், ரத்தக்குழாய்க் கசிவை அடைக்கும் என்று நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

வைரஸைக் கொல்லும் மாத்திரை இன்னும் கைக்கு வரவில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூபன், டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டவே வேண்டாம். கஞ்சித்தண்ணியும் கருக்கும் (இளநீர்) தாராளமாகக் குடிக்கலாம். வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் பயன்படும், அதற்குப் பிறகு உடம்பின் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம். காய்ச்சல் விட்ட பிறகு விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல், தூக்கக் கலக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் ராத்திரியென்று பார்க்காமல் கிளம்புங்கள்.

தடுப்பூசி ஏன் இத்தனை இழுக்கிறது என்றால், டெங்கு வைரஸ் நாலு வகை. ஒன்று வந்து போனவருக்கு இன்னொன்று வரும்போது பழைய எதிர்ப்பொருளே வைரஸுக்குக் கதவு திறந்துவிடக்கூடும். முன்பு வந்த ஒரு தடுப்பூசி, டெங்கு வராத குழந்தைகளுக்குப் பின்னாளில் நோயைக் கடுமையாக்கியதால் 2017-இல் பிலிப்பைன்ஸில் நிறுத்தப்பட்டது. நாலு வகைக்குமான உள்நாட்டுத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை இந்தியாவில் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

அதுவரை நம் கையில் இருப்பது, ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டை. டெங்குவைப் பரப்பும் கொசுக்களில், வீட்டுத் தொட்டியில் வளர்வது ஏடிஸ் எஜிப்டி. ரப்பர் தோட்ட நிழலில் பகலில் கடிப்பது அதன் பங்காளி, ஏடிஸ் அல்போபிக்டஸ். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சிரட்டைச் சுவரில் முட்டையிடும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். நமக்கோ ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழையில் வெட்டு நிற்கும், சிரட்டை மட்டும் கம்பியில் வாய் பிளந்து நிற்கும். புகை அடித்தால் பறக்கும் கொசு சாகும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. சிரட்டையைக் கவிழ்த்துத்தான் ஆகவேண்டும்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா நடந்தே வந்தார். கணவரிடம் தோட்டத்துச் சிரட்டையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"முதலாளிக்க தோட்டமாக்கும் டாக்டரே. வெட்டு இல்லாத நாளு நானூறு சிரட்டைய கமத்துனா, அதுக்குக் கூலி யாரு தருவா?"