வெயில் இறங்கின பிறகு ரெசின் கலக்குங்கள்

நீருக்கு மேலே எழும்பி ஓடும் சறுக்குப் பலகைதான் ஃபாயில் பலகை. அதை நாமே செய்வதைப் பற்றியது இது. பலகைக்கு அடியில் சுமார் 75 சென்டிமீட்டர் தண்டு, அதன் முனையில் விமானத்துக்கு இருப்பதுபோல் ஓர் இறக்கை. வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்காகும். பலகை நீரைவிட்டு எழும்பிவிடும். அதற்கப்புறம் ஆளின் எடை முழுக்க இரண்டு டிராக் பெட்டிகள் (தண்டைத் திருகிப் பொருத்த, பலகையின் அடியில் பக்கத்துக்கொன்றாகப் பதிக்கும் நீளப் பள்ளங்கள்) வழியாகத்தான் இறங்குகிறது. பெட்டிகளுக்கு இடையே, நடுவிலிருந்து நடுவுக்கு, 90 மில்லிமீட்டர். தண்டின் நுனியில் பக்கவாட்டில் 20 கிலோ அழுத்தினாலே போதும்: 20 × 75 ÷ 9. ஒரு பெட்டியை 165 கிலோவுக்கு மேல் பிடுங்கும், மற்றதை அதே அளவு அமுக்கும். வெறும் தெர்மாகோலில் குழி தோண்டி ஒட்டிய பெட்டி ஆடுகிற பல்தான். அடர்த்தியான பிவிசி ஃபோம் கட்டையில் பெட்டியைப் பதித்து, அந்தக் கட்டை பலகையின் மேல்தோலையும் அடித்தோலையும் தொடும்படி வைக்க வேண்டும்.

பலகையின் உடம்புக்கு கன மீட்டருக்கு 25 கிலோ அடர்த்தியுள்ள தெர்மாகோல் சரி. 45 லிட்டர் பலகைக்கு ஒரு கிலோ சொச்சம்தான் வரும். சூடேற்றிய நிக்ரோம் கம்பியால் வெட்டலாம், திறந்த வெளியில். அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை ஒட்டித் தோலாக்க இறுகும் பிசினான ரெசின் வேண்டும். தண்ணீர்த் தொட்டி செய்கிற பைபர் பட்டறையில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் இதற்கு ஆகாது. அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எப்பாக்ஸிதான் வழி. அதையும், அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் எடைபோட்டுக் கலக்க வேண்டும். ‘ஹார்டனர் கொஞ்சம் தூக்கலாக விட்டால் சீக்கிரம் இறுகும்’ என்பது பாலியஸ்டர் பழக்கம். எப்பாக்ஸியில் மிஞ்சின ஹார்டனர் சேர ஆளில்லாமல் அப்படியே நிற்கும். பலகை மாதக்கணக்கில் நகம் பதியும் பதத்திலேயே கிடக்கும்.

தர்மபுரிப் பக்கம் சித்திரையில் இந்த வேலை செய்பவர்களைக் கவிழ்ப்பது வெயில். 10 டிகிரி ஏறினால் ரெசின் கையில் நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும்: 25 டிகிரியில் அரை மணி என்றால் 35-இல் கால் மணி. குவளையில் அரை கிலோவை மொத்தமாகக் கலந்தால் தன் சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பலகை கிட்டத்தட்ட முழுக்கக் காற்று. காலையில் துணி போட்டால், வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஈர ரெசினைத் துளைத்து வெளியேறும். ஊசி குத்தினாற்போல நூறு ஓட்டை. மாலை ஐந்து மணிக்கு மேல், வெப்பம் இறங்கும்போது போட்டால் அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு முன்பே எப்பாக்ஸியில் மைக்ரோபலூன் தூளை (உள்ளே வெற்றான நுண்ணிய உருண்டைகள்) குழைத்துப் பட்டி பார்த்து, தெர்மாகோல் மணிகளுக்கிடையே உள்ள பள்ளங்களை அடைத்திருக்க வேண்டும்.

துணி சதுர மீட்டருக்கு 200 கிராம்: அடியில் ஓர் அடுக்கு, நிற்கிற மேல்பக்கம் இரண்டு, பெட்டிகள் மேல் இன்னும் இரண்டு. துணியின் எடைக்குச் சமமான ரெசின் போதும். பட்டி பிளேடால் வழித்த பிறகு நெசவு தெரிய வேண்டும். பளபளத்தால் அங்கே ரெசின் வீணாகத் தேங்கியிருக்கிறது. மறுநாள் மேலே மெழுகுபோல ஒட்டினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உப்புத்தாள்; துடைக்காமல் தேய்த்தால் அடுத்த பூச்சு உரியும். மேல்பூச்சு கொடுத்து 80, 120, 220 என்று தேய்த்து முடிக்கலாம்.

உள்ளிருக்கும் காற்று வெளியேற வழிவிடும் காற்றுத் திருகு ஒன்று கட்டாயம். கோவளத்தில் இறுக்கி மூடின பலகையை அப்படியே ஓசூருக்கு ஏற்றினால், 900 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 10 சதவீதம் குறைந்திருக்கும். முக்கால் சதுர மீட்டர் தோலை உள்ளிருந்து சுமார் 750 கிலோ தள்ளும். தோல் உப்பிக் கழன்றுவிடும். கரையேறியதும் திருகைத் தளர்த்துங்கள். மறுபடி நீரில் இறங்கும் முன் இறுக்க மறந்தால், வெயிலில் காய்ந்த பலகை குளிர்ந்து சுருங்கும்போது கடல்நீரை உறிஞ்சும்.