காய்ச்சல் விட்ட பிறகு பி.சி.வி.யைப் பாருங்கள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கும்பகோணம், மன்னார்குடி பக்கம் காய்ச்சல் வார்டில் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" பிளேட்லெட் என்பது ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணு. டெங்கு யாருக்கு முற்றும் என்று கணிக்க அந்த ஓர் எண் போதாது.

டெங்குவில் ஆளை அதிகம் சாய்ப்பது கசிவு. வைரஸால் பாதித்த செல்கள் வெளிவிடும் என்எஸ்1 என்ற புரதமும், நம் உடலின் எதிர்ப்பு வேகமும் சேர்ந்து ரத்தக் குழாயின் உட்சுவரை இளக்கிவிடுகின்றன. வரப்பில் நண்டு வளை விழுந்தால் தண்ணீர் வடிந்துவிடும், பயிர் அங்கேயே நிற்கும் அல்லவா? அதுபோல ரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்கும் வயிற்றுக்கும் கசிய, சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்கி ரத்தம் கெட்டியாகிறது. அந்தக் கெட்டியைச் சொல்லும் எண்தான் பரிசோதனைத் தாளில் உள்ள பி.சி.வி. 35 இருந்தது 42 ஆனால் 20 சதவீத ஏற்றம். நிறையவே கசிகிறது என்று அர்த்தம். பிளேட்லெட் மளமளவென்று இறங்க, பி.சி.வி. ஏறினால் டாக்டர் உஷாராகிவிடுவார். ஏற்றத்தை அளக்க முதல் நாள் எண் வேண்டும். அந்தத் தாளைத் தயவுசெய்து தொலைத்துவிடாதீர்கள்.

இந்தக் கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது, காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7ஆம் நாளுக்குள். நம் வீடுகளில் "காய்ச்சல் விட்டாச்சு, தலைக்குத் தண்ணி ஊத்தலாம்" என்று நிம்மதியாகும் அதே நாள்! அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை துவண்டு கிடப்பது, கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

முன்பு டெங்கு வந்ததா என்று டாக்டர் கேட்பதற்கும் காரணம் உண்டு. டெங்கு வைரஸில் 4 வகை. ஒரு வகைக்கு உருவான எதிர்ப்புப் புரதம் இன்னொரு வகையை ஒட்டிக்கொள்ளும், ஆனால் அடக்காது. சில நேரம் அதைச் செல்லுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் இரண்டாம் முறை வரும் டெங்குவில் ஆபத்து கூடுதல்.

சரி, கண்டம் தாண்டியதும்? கசிந்த நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். டிரிப்ஸை நிறுத்தச் சொன்னால் பதற வேண்டாம், பி.சி.வி. இறங்கியிருக்கிறதா, சிறுநீர் நன்றாகப் போகிறதா என்று கேளுங்கள்.