பன்னிரண்டு பகடையில் ஒரு பட்டாலியன்

ஆறடி நீள மேசை. மேலே பச்சைத் துணி, கம்பியும் பஞ்சும் வைத்துச் செய்த மரங்கள், அட்டையில் வெட்டிய ஒரு பண்ணை வீடு. ஒரு பக்கம் நீலக் கோட்டுப் பிரெஞ்சுக்காரர்கள், எதிர்ப்பக்கம் சிவப்புக் கோட்டு ஆங்கிலேயர்கள். ஒவ்வொருவரும் கட்டைவிரலின் மேல்கணு உயரம்தான். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை நாலைந்து பேர் இந்த மேசையைச் சுற்றி நின்று, இன்ச் டேப்பால் அளந்து, பகடை உருட்டி, நடுநடுவே சண்டை போட்டு, 1815 ஜூன் 18 அன்று நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை மறுபடியும் நடத்திப் பார்ப்பார்கள். பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டு இது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லாத்தையும் பகடைதான் முடிவு பண்ணுது. அப்புறம் இதுல போர் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. இந்த மேசையில் இருப்பதெல்லாம் பொய். ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு பொய் சொல்லலாம் என்று கணக்குப் பார்த்துச் சொன்ன பொய்.

முதல் பொய் அளவில். வாட்டர்லூ போர்முனையின் அகலம் ஏறக்குறைய 4 கி.மீ. 28 மி.மீ. பொம்மை என்பது நிஜ ஆளில் சுமார் அறுபதில் ஒரு பங்கு. அதே விகிதத்தில் நிலத்தையும் சுருக்கினால் 66 மீட்டர் நீள மேசை வேண்டும். அது முடியாது. ஆறடிக்குள் அடக்க வேண்டுமென்றால் நிலத்தைச் சுமார் 2,200 மடங்கு சுருக்கியாக வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு நிஜ சிப்பாய் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்க மாட்டான், கடுகைவிடச் சின்னவன். திருப்பிப் பார்த்தால், மேசைமேல் நிற்கும் நம் 28 மி.மீ. சிப்பாய் அந்த நிலத்தில் 60 மீட்டர் உயர ராட்சதன்.

ஆகவே ஆளுக்கு ஓர் அளவு, நிலத்துக்கு ஓர் அளவு, நேரத்துக்கு ஓர் அளவு. மஸ்கட் துப்பாக்கி ஓரளவு நம்பிச் சுடக்கூடிய தூரம் 100 மீட்டர் என்று வையுங்கள். ஆளின் அளவில் அது 1.6 மீட்டர், கிட்டத்தட்ட மேசை முழுவதும். நிலத்தின் அளவில் நாலரை சென்டிமீட்டர். விதிகள் நிலத்தின் பக்கம்தான் நிற்கும். வேறு வழியில்லை, மஸ்கட் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுட்டால் படையை நகர்த்துவதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். தலைகளின் எண்ணிக்கையிலும் இதே கதை. அன்று பிரெஞ்சுப் படை, ஆங்கிலேயர் பக்கப் படை, அவர்களுக்குத் துணையாக வந்த பிரஷ்ய (பழைய ஜெர்மன் அரசு ஒன்றின்) படை என மூன்றிலும் சேர்த்து ஏறக்குறைய 1,90,000 பேர். ஒரு பொம்மைக்கு 50 பேர் என்று வைத்தாலும் 3,800 பொம்மைகள் வேண்டும். அதனால்தான் முழு வாட்டர்லூவை ஆட நினைப்பவர்கள் 6 மி.மீ. பொம்மைக்குப் போகிறார்கள். 28 மி.மீ. ஆட்கள் ஊகுமோன் பண்ணை வீட்டைச் சுற்றி நடந்த சண்டையோடு திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள்.

வண்ணத்திலும் ஒரு பொய் உண்டு. பொம்மையின் கோட்டு மடிப்பு ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. அறை வெளிச்சத்தில் அதற்குள் விழும் நிழல் ஓரடி தள்ளி நின்றாலே தெரியாது. ஆகவே நிழலையும் வர்ணத்தால் போடுகிறார்கள். தண்ணீராய்க் கரைத்த கரும்பழுப்பை மேலே பூசினால் பரப்பு இழுவிசை அதை மேடுகளிலிருந்து இழுத்துப் பள்ளங்களில் தேக்கிவிடும். காய்ந்ததும் மடிப்புகள் தானாகக் கறுத்திருக்கும். பிறகு தூரிகையைத் துணியில் துடைத்து, கிட்டத்தட்ட காய்ந்த வெளிர்நிறத்தை மேடுகளில் மட்டும் உரசிவிட வேண்டும், அவ்வளவுதான். சூரியனே இல்லாத அறையில் சிப்பாயின் தோள்மேல் வெயில் விழும்.

சரி, பகடைக்கு வருவோம்.

ஒரு பட்டாலியன், அதாவது சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவு, சரமாரியாகச் சுடுகிறது. எத்தனை பேர் விழுவார்கள்? புகை, நனைந்த வெடிமருந்து, நடுங்கும் கை, நடுவில் ஒரு மேடு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கணக்கிட முடியாது. கணக்கிட முடியாத அத்தனையையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் பகடைக்குள் போடுவதுதான் தந்திரம். இதை முறையாகச் செய்தவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்தார். அப்பா 1812இல் மன்னருக்காக ஒரு போர் விளையாட்டுப் பெட்டி செய்தார். பீரங்கிப்படை அதிகாரியான மகன் அதை 1824இல் 1:8000 அளவு வரைபடத்தின்மேல் ஆடும் பயிற்சியாக மாற்றினார். சுடுதல் சோதனைகளில் கிடைத்த எண்களை அவர் பகடை அட்டவணைகளாக்கினார். ஆடுகிறவர்கள் எதிரியைப் பார்க்க முடியாது. நடுவர் ஒருவருக்கு மட்டுமே எல்லாம் தெரியும்.

இதற்கு நேர்மாறான வழியும் இருந்தது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட விதிகளில் சுடுவதற்குப் பகடை கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரத்துண்டைச் சுட்டு எதிரிப் பொம்மையை நிஜமாகவே வீழ்த்த வேண்டும். ஆடுவதற்கு ஆனந்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது சோதிப்பது தளபதியின் மூளையை அல்ல, ஆடுகிறவரின் கைக்குறியை. என் ஓட்டு ரைஸ்விட்ஸுக்கே.

12 பொம்மைகள் சேர்ந்த ஒரு பட்டாலியனை எடுத்துக்கொள்ளுங்கள். 600 பேருக்குப் பதில் அவை நிற்கின்றன. ஆளுக்கு ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் எதிரிமேல் ஓர் அடி படும். சராசரி 4 அடி. ஒன்றுமே படாமல் போக வாய்ப்பு 0.8 சதவீதம்தான். எட்டும் அதற்கு மேலும் விழ வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. நூற்றுக்கு 88 தடவை விடை 2க்கும் 6க்கும் நடுவில் அடங்கிவிடும். இதையே மொத்தப் படைக்கும் சேர்த்து ஒரே பகடையில் முடிவு செய்தால் 1 விழ ஆறில் ஒரு வாய்ப்பு, 6 விழவும் அதே வாய்ப்பு. இரண்டிலும் இருப்பது அதிர்ஷ்டம்தான், ஆனால் அதன் உருவம் வேறு. பகடை கூடக் கூட முடிவு நடுவில் குவியும். எத்தனை பகடை என்று தீர்மானிக்கும்போதே, இந்தச் சண்டை எவ்வளவு கணிக்கத்தக்கது என்பதையும் விதி எழுதுகிறவர் தீர்மானித்துவிடுகிறார்.

அடுத்த சுற்றுகளில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 30 பேரும் 20 பேரும் எதிரெதிரே நின்று சுடுகிறார்கள், திறமை சமம். 20 பேரும் விழும்போது இந்தப் பக்கம் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? பத்து என்றுதான் யாருக்கும் வாயில் வரும். 1916இல் ஆங்கிலப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் போட்ட கணக்கு வேறு விடை சொல்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் இழப்பும் எதிரே சுடுகிறவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், படையின் பலம் எண்ணிக்கையின் வர்க்கம். 900இலிருந்து 400 போனால் 500, அதன் வர்க்கமூலம் 22. எட்டுப் பேரைக் கொடுத்து இருபது பேரை முடித்துவிடலாம். அந்த இருபது பேர் பத்துப் பத்தாகப் பிரிந்து வந்தால் இழப்பு நான்குக்கும் கீழே. அதுவே குறுகிய பாலத்தில் ஒருவருக்கு ஒருவர் கத்திச் சண்டை என்றால் வர்க்கம் கிடையாது, சாதாரணக் கழித்தல்தான். அப்போது பத்தே பேர்தான் மிஞ்சுவார்கள். மேசையில் ஆளுக்கு ஒரு பகடை என்று வைத்த உடனேயே இந்த வர்க்க விதி தானாக உள்ளே நுழைந்துவிடுகிறது, யாரும் எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை. பாலத்தில் முன்வரிசை மட்டும்தான் பகடை உருட்டலாம் என்றால் கழித்தல் வந்துவிடும்.

ஆனால் நிஜத்தில் படைகள் கடைசி ஆள்வரை நின்று சாவதில்லை, அதற்கு வெகு முன்பே ஓடிவிடும். மன உறுதிச் சோதனை அதற்காகத்தான். பெரும்பாலும் இரண்டு பகடையை உருட்டிக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது, இழப்பு ஏற ஏற அந்த எல்லை ஒவ்வொன்றாக இறங்கும். இரண்டு பகடையில் 7 விழ 36இல் 6 வழி, 12 விழ ஒரே வழி. அதனால் எல்லை 11இலிருந்து 10க்கு இறங்கும்போது பிழைக்கும் வாய்ப்பில் 6 சதவீதமே போகிறது. 7இலிருந்து 6க்கு இறங்கினால் 17 சதவீதம் போய்விடும். புதிதாகக் களமிறங்கிய படை முதல் அடியைக் கண்டுகொள்ளாது. களைத்த படைக்கு அதே அடி போதும். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு முறிகிற கதைதான்.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவன் என்ற மிதப்பில் நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வாட்டர்லூ அன்று நெப்போலியனின் தளபதி குரூஷி சுமார் 33,000 பேரோடு வாவ்ர் என்ற ஊர்ப் பக்கம் பிரஷ்யர்களுடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், கடைசிவரை வந்து சேரவே இல்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஆசையில் ஒரு விதி எழுதினேன்: ஒவ்வொரு சுற்றிலும் பிரெஞ்சுப் பக்கம் ஆடுகிறவர் இரண்டு பகடை உருட்டலாம், இரண்டும் ஆறு விழுந்தால் குரூஷி வருவார். 36இல் ஒரு வாய்ப்பு, எங்கே வரப்போகிறார் என்று நினைத்துவிட்டேன். காலை பதினொன்றரை முதல் இரவு எட்டரைவரை அரை மணிக்கு ஒரு சுற்று என்று 18 சுற்றுகள். ஆறாவது சுற்றிலேயே வந்து இறங்கிவிட்டார். ஆங்கிலப் பக்கம் ஆடியவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். ஒரு சுற்றில் வராமல் இருக்க வாய்ப்பு 36இல் 35. அதைப் பதினெட்டு தடவை பெருக்கினால் 0.60. அதாவது ஆட்டம் முடிவதற்குள் அவர் வந்துவிட 40 சதவீத வாய்ப்பை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை பத்தாவது சுற்றிலிருந்துதான் உருட்டலாம் என்று திருத்தினேன். அது 22 சதவீதமாக இறங்கியது. அன்று குரூஷி வரவில்லை. இந்தத் தடவை முறைத்தவர் பிரெஞ்சுக்காரர்.