கூடே மணியாகும் கைக்கடிகாரம்

பழைய அலாரம் கைக்கடிகாரத்தைத் திறந்து பார்ப்பவர் முதலில் தேடுவது மணியைத்தான். அது உள்ளே இருப்பதில்லை. பெரும்பாலானவற்றில் கடிகாரத்தை மூடியுள்ள உலோகக் கூடே மணியாக ஒலிக்கிறது.

இவ்வகைக் கடிகாரங்கள் பலவற்றில் இரண்டு சுருள்வில்கள் உண்டு. ஒன்று நேரத்தை ஓட்ட, மற்றொன்று அலாரத்தை அடிக்க. மணி முள்ளைச் சுமக்கும் சக்கரமும் அலார நேரத்தைக் குறிக்கும் சக்கரமும் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்க, குறித்த வேளையில் ஒன்றிலுள்ள மேடு மற்றொன்றின் பள்ளத்தில் பொருந்துகிறது. அதுவரை அழுத்தப்பட்டிருந்த மெல்லிய தகட்டு வில் அப்போது இம்மியளவு எழும்பி, தான் தடுத்து வைத்திருந்த சுத்தியலை விடுவிக்கிறது. மணி முள்ளின் சக்கரம் 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்பதால், பத்து நிமிடத்துக்குக் கிடைப்பது வெறும் 5 பாகை. ஆகவே குறித்த நேரத்துக்குச் சில நிமிடம் முன்பின்னாக ஒலிப்பதைக் கோளாறு என்று கருதக் கூடாது.

உண்மையான சிக்கல் ஓசையில் இருக்கிறது. தூசியும் ஈரமும் புகாதபடி இறுக மூடிய கூட்டிலிருந்து, தூங்குபவரை எழுப்பும் அளவுக்குச் சத்தம் வெளிவர வேண்டும். 1947-இல் வெளிவந்த, சுவிட்சர்லாந்தின் வல்கெய்ன் நிறுவனத்தின் 'கிரிக்கெட்' இதற்கு அழகான விடை கண்டது. அதன் சுத்தியல் உட்புறத்திலுள்ள மெல்லிய சவ்வு போன்ற தகட்டை அதிரச் செய்ய, துளைகளிட்ட வெளிமூடி வழியே ஒலி வெளியேறுகிறது. ஆங்கிலத்தில் 'கிரிக்கெட்' என்றால் சுவர்க்கோழி; அந்தப் பெயர் அதற்கு மிகவும் பொருத்தம். சிறு உடலிலிருந்து அத்தனை இரைச்சல்! 1950-இல் வந்த, மற்றொரு சுவிஸ் நிறுவனமான ஜெகர்-லெகூல்ட்ரின் 'மெமோவாக்ஸ்' வேறு வழியில் சென்றது: பின்மூடியின் உட்புறத்தில் பொருத்திய சிறு ஊசியைச் சுத்தியல் அடிக்க, மூடி முழுவதும் அதிர்கிறது. சோவியத் 'பொல்யோட்', 1966-இல் வந்த ஜப்பானின் சீக்கோ 'பெல்-மேட்டிக்' ஆகியவற்றையும் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுகிறார்கள்.

எனவே இவற்றை வாங்கும்போது டயலின் பளபளப்பைவிடக் காதுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அலாரத்துக்கு முழுதாகச் சாவி கொடுத்து, கையில் கட்டிய நிலையில் ஒருமுறையும் மர மேசையில் வைத்து ஒருமுறையும் ஒலிக்க விட்டுக் கேளுங்கள். கையில் தசை அதிர்வை உறிஞ்சிக்கொள்ள, மேசையிலோ மரப்பலகையும் சேர்ந்து அதிர்வதால் சத்தம் ஓங்கி வரும். இரண்டு இடத்திலும் மந்தமாகக் கரகரத்தால், "எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்" என்ற விற்பவரின் சொல்லை மட்டும் நம்பிவிடாமல், பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஊசி வளைந்திருக்கலாம், அல்லது வேறொரு கடிகாரத்தின் மூடி மாட்டப்பட்டிருக்கலாம். அப்படி மாற்றிய மூடியில் சுத்தியல் ஊசியின் நுனியை மட்டுமே உரசிச் செல்லும். இயந்திரத்தை எத்தனை முறை கழுவிப் பூட்டினாலும் அந்த ஓசை திரும்பாது.