பப்பாசிக் காம்பும் டோக்கியோ விமானமும்

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கட்டுநாயக்கவிலிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கு எட்டு மணி நேரம் பறந்தோம். திரும்பி வர ஒன்பதரை மணி நேரமாயிற்று. தூரம் ஒன்றுதானே?" ஒன்றுதான், சுமார் 6,900 கிலோமீற்றர். ஜப்பானின் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுவதையும் அவர் சரியாகவே கழித்திருக்கிறார். பூமி சுழல்வதுதான் காரணமோ என்பது அவருடைய ஊகம். அப்படியென்றால் கிழக்கே விலகி ஓடும் டோக்கியோவைத் துரத்திப் பிடிக்க அல்லவா அதிக நேரம் வேண்டும்? காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஓடும் பஸ்ஸுக்குள் பறக்கும் ஈ பின்கண்ணாடியில் மோதுவதில்லை.

ஆனாலும் அவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

ஒரு பப்பாசி இலைக் காம்பை ஒடித்துக்கொள்ளுங்கள். சிறு வயதில் சவர்க்காரக் குமிழி ஊதினோமே, அதே காம்பு. அதன் துளையில் நூலைக் கோத்து, மேல் நுனியில் ஒரு கொட்டைப் பாக்கைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். இப்போது நூலின் கீழ் நுனியை மெல்ல இழுங்கள். வட்டம் சுருங்கச் சுருங்க, பாக்கு வெறி பிடித்ததுபோல் சுற்றும்.

கொழும்பின் மண் பூமியோடு சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே போகிறது. டோக்கியோ பூமியின் அச்சுக்குக் கிட்ட இருப்பதால் அதன் வட்டம் சிறியது, வேகமும் 1,350தான். நம் பக்கத்து வெயிலில் சூடேறி எழும் காற்று, உயரத்தில் வடக்கே நகரும்போது அந்தப் பாக்கின் கதைதான் அதற்கும். பழைய வேகத்தைக் கைவிடாததோடு, வட்டம் சுருங்குவதால் இன்னும் விரைகிறது. தரையை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. வழியில் காற்றுச் சுழிகள் அதன் வேகத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகும், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 200, 300 கிலோமீற்றர் மிஞ்சுகிறது. சைபீரியக் குளிரும் தென்திசை வெப்பமும் அங்கே முட்டிக்கொள்வது அதற்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. இதுதான் தாரைக்காற்று. போகும்போது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, திரும்பும்போது எதிரே நின்று தடுக்கிறது. ராகுகாலம் பார்த்து டிக்கெட் எடுப்பவர்கள் மாதத்தைப் பார்த்து எடுத்தால் பயண நேரத்தில் உண்மையாகவே மாற்றம் தெரியும்.

இதை முதலில் அளந்தவர்களுள் ஒருவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி. டோக்கியோவுக்கு வடகிழக்கே தத்தேனோவில் சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, தொலைநோக்கிக் கருவியால் அவற்றைப் பின்தொடர்ந்தார். உலகமே படிக்கட்டும் என்று 1926 இல் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பராண்டோவில் எழுதினார். உலகம் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1944 இல் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறின. பலூன் விடுவதற்கெல்லாம் அரசாங்கப் பணமா என்று கேட்பவர்களைக் காணும்போது எனக்கு ஓயிஷியின் நினைவுதான் வரும்.

அடுத்த முறை குளிர்காலத்தில் போனால், இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் தரைவேகத்தைக் கவனியுங்கள். கொழும்பை விட்டுக் கிளம்பிய பல மணி நேரத்துக்கு 900ஐ ஒட்டியே நிற்கும். ஜப்பானை நெருங்கும்போது, என்ஜின் ஒலி சிறிதும் மாறாமலே, ஆயிரத்தைத் தாண்டும்.